குழலை மூடிய கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி நடந்ததல்ல. ஒவ்வொன்றும் விடிந்த பிறகுதான் நடந்தது. வெளிச்சத்தில்தான் பார்த்தேன். நான் குடிக்கவில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள், எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நம்பாவிட்டால் போங்கள். நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை.

ஆஸ்திரேலியாவில், லித்கோ என்ற மலையூரில் நானும் ரஸ்ஸலும் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணப் பேச்சை எடுத்தால் பேச்சை மாற்றுவான். அவன் பெரிய வி-ட்வின் பைக்கின் பின்சீட்டுதான் எனக்குக் கிடைத்த ஒரே அந்தஸ்து. அதை யாருக்கும் விட்டுத்தர நான் தயாரில்லை.

அவன் கூட்டாளி டாரல் வரும்போதெல்லாம் வண்டியைப் பார்த்துச் சிரிப்பான்.

"என்னடா இது, பக்கத்துல டிபன் பாக்ஸைத் தொங்க விட்டிருக்கே?"

ஏர் ஃபில்டர் டப்பாவைத்தான் சொல்வான். ரஸ்ஸல் முகம் சுருங்கிப்போகும். அந்த முகத்துக்காகத்தான் நான் தனியாக பக்கத்து ஊரான பாதர்ஸ்டில் நடக்கும் பழைய பாகச் சந்தைக்குப் போனேன்.

கடைசி வரிசையில் ஒரு கிழவர். நெவில் என்று பெயர் சொன்னார். அவர் முன்னால் துணி விரிப்பில் ஒரு பித்தளைக் குழல். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் நேராக மாட்டுவது. ஃபில்டர் கிடையாது, மூடி கிடையாது. இன்ஜினுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தூசிதான் உள்ளே போகும். ஆனால் அழகு... அப்படி ஒரு அழகு.

நெவிலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நான் குழலைக் கையில் எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீக்கிரம் குடுத்துத் தொலை நெவ்," என்றாள்.

மாட்டியது நான்தான். டப்பாவைக் கழற்றி, தாங்குபட்டை ஒன்றை வெட்டி, கேஸ்கட் வைத்து, பெட்ரோல் அளவுக்கான ஜெட்டையும் மாற்றினேன். தூசிக்கு ஒரு கம்பிவலையாவது போடலாம் என்றேன். "அழகு போயிடும் டெஸ்," என்றான் ரஸ்ஸல். குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றை அடைக்கும் சோக் தகட்டின் கம்பி குழலில் இடித்தது. அதையும் கழற்றிப் போடு என்றான். கழற்றினேன்.

சோக் இல்லாத வண்டியை லித்கோ குளிரில் ஸ்டார்ட் செய்ய ஒரே வழிதான். அவன் கிக்கரை மிதிக்கும்போது இன்னொருத்தர் குனிந்து குழலின் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். இன்ஜின் பிடித்ததும் மெல்ல எடுக்க வேண்டும். இன்ஜின் தீயைத் திருப்பித் துப்பினால் கை வெந்துவிடும். ஆனாலும் திறந்த குழல் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம்.

அந்தக் கை என் கை. தினமும் காலையில் இன்ஜின் என் உள்ளங்கையைச் சப்பென்று இழுக்கும். எடுத்துப் பார்த்தால் சிவப்பாக ஒரு வளையம். மூன்று வருடத்தில் அவன் எனக்குப் போடாத மோதிரம்.

ஒன்பது நாள் அப்படிப் போனது.

பத்தாவது நாள் காலையில் நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். ஒரே மிதி.

தலையில் சோப்போடு வெளியே ஓடினேன். புல்லெல்லாம் உறைபனி.

"யாரு கை வெச்சா?"

"யாரும் இல்ல. தானா எடுத்துக்கிச்சு."

"தானா எடுக்காது. நானே மாட்டினது, எனக்குத் தெரியாதா?"

"ஆமா, நீ படிச்சவ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் வண்டியைப் பார்த்தேன். பித்தளை விளிம்பில் விரல் ரேகைகள். என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. சின்னக் கை. பெண் கை.

பயமில்லை. எவள் அவள் என்ற எரிச்சல்தான். தெருவில் இருக்கிற ஒவ்வொருத்தியின் கையையும் மனதில் அளந்தேன்.

டாரலிடம் கேட்டேன். அவன் பல்லைக் காட்டினான்.

"உன் வேலையை எவளோ புடுங்கிட்டாபோல. டிகிரியைக் காட்டி திருப்பிக் கேளேன்."

மறுநாள் தூங்குகிற மாதிரி படுத்திருந்துவிட்டு, சமையலறை ஜன்னலுக்குப் போனேன். ஏழே கால். நல்ல வெளிச்சம். கொல்லையில் ரஸ்ஸல் மட்டும்தான். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். வேறு யாரும் இல்லை... சத்தியமாக இல்லை.

மிதித்தான். இன்ஜின் பிடித்தது. சத்தம் அடைபட்டு, கனமாக வந்தது. குழலைப் பொத்தினால் மட்டும் வரும் சத்தம். எனக்குத் தெரியும். பிறகு மெல்ல... மெல்ல... திறந்துகொண்டது. யாரோ கையை எடுத்த மாதிரி.

ரஸ்ஸல் வலது பக்கம் குனிந்து பார்த்தான்.

சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவன் எழுவதற்கு முன்பே கொல்லைக்குப் போனேன். பைக் ஈரமாக நின்றது. சாவி என் பாக்கெட்டில். இன்ஜின் சில்லென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"இது என் இடம்," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

குழலின் வாயில் உள்ளங்கையை வைத்தேன்.

பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்தது... ஓடாத இன்ஜின்.

பிறகு இழுப்பு நின்றது. உள்ளேயிருந்து மூச்சு வந்தது. ஹ்ஹா... ஹ்ஹா... நிதானமான மூச்சு. தூங்குகிறவர்கள் விடுவது போல.

கையை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

என் விரல்களுக்கு நடுவே விரல்கள் நுழைந்தன.

சின்ன விரல்கள்.

ஒவ்வொன்றாக... என் விரல்களைப் பிரித்தன.

தள்ளிவிட்டன.

புல்லில் மல்லாந்து விழுந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. ரஸ்ஸல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிவிட வரவில்லை.

"அதைக் கழட்டு," என்றேன்.

"மாட்டேன். நீதானே வாங்கிக் குடுத்தே."

"நானா அதுவான்னு இப்பவே சொல்லு."

அவன் என்னைத் தாண்டிப் போய் குழலின் மேல் கையை வைத்தான். அதுவே பதில்தான். ஆனாலும் நான் விடவில்லை. காரை எடுத்துக்கொண்டு நெவிலைத் தேடிப் போனேன். சந்தைக்காரர்களிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் என்னை வாசல்படியிலேயே நிறுத்தினார்.

"அந்தக் குழல் யாரோடது?"

"என்னோடதுதான். இருபது வருஷம் ஓட்டினேன்."

"கை வெச்சது யாரு?"

"என் பொண்டாட்டி. வேற யாரையும் தொட விடமாட்டா. தொட்டா கையைத் தட்டி விட்டுடுவா."

"எப்ப செத்தாங்க?"

"சாகலையேம்மா," என்றார் நெவில். "தலையில ரத்தக்குழாய் வெடிச்சு நாலு வருஷமா முதியோர் இல்லத்துல படுத்த படுக்கை. கண்ணே திறக்கல." வீட்டுக்குள் அந்த மடக்கு நாற்காலிப் பெண்மணி பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். "நான் அங்க போயி ரொம்ப நாளாச்சு," என்று கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் அந்த இல்லத்தின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஊர் எல்லையில் முதியோர் இல்லம். பக்கத்து வீட்டுப் பெண் என்று பொய் சொன்னேன். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒருத்தி. கண் மூடியிருந்தது. மூச்சு மட்டும் நிதானமாக... ஹ்ஹா... ஹ்ஹா...

வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. நர்ஸ் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க," என்றாள் நர்ஸ். "இந்தம்மா அசையறதே இல்ல. ஆனா ரெண்டு வாரமா தினம் காலையில இந்தக் கையில பெட்ரோல் நாத்தம். பாருங்க, இது என்ன தழும்பு?"

விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் சிவப்பாக வளையம்.

நான் குழலை மாட்டி அன்றோடு பன்னிரண்டு நாள்.

அங்கே எனக்கு முதலில் வந்தது பயம் என்றால் அது பொய். என் உள்ளங்கையைப் பார்த்தேன். என் வளையம் மறைந்திருந்தது. அவளுடையது பளிச்சென்று இருந்தது. செத்தும் சாகாமலும் கிடக்கிற ஒருத்தியின் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. ரஸ்ஸல் கொல்லையில் துணியால் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கே போகிறேன் என்று நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. நெவில் யாரென்று அவனுக்குத் தெரியாது. இல்லத்தில் அவள் கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்த பெயரை நானே அங்கேதான் முதல்முறை படித்தேன்.

அவன் நிமிரவில்லை. துடைத்தபடியே கேட்டான்.

"கொரலீ எப்படி இருக்கா?"