காப்பு கட்டிய பன்னிரண்டாம் நாள்

திண்டிவனம் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினேன். அத்தனை வருஷத்தில், 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டு சர்க்காரிடமிருந்து வந்த காகிதம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஐம்பத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம் அது வந்தது. குடிக்கு அடிமையானவர்களுக்கு நாடு முழுக்க என்ன வைத்தியம் செய்யலாம் என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். பதினாலு கேள்விகள் அச்சடித்திருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம். தெரியாதவர்கள் ஆபீசுக்கு வந்து சொன்னால் நான் எழுதிக்கொள்ள வேண்டும். தண்டோராவும் போட்டாயிற்று.

ஈ காக்கா வரவில்லை. எப்படி வரும்? மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடித்தால் ஜெயில். என் வீட்டுக்காரன் குடிக்கிறான் என்று தாலுகா ஆபீசிலேயே வந்து எழுதிக் கொடுக்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? போலீசு விரித்த வலை என்றுதான் ஊரே பேசியது.

ஒன்பதாம் நாள் அம்சா வந்தாள். எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தவள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மில்லில் கொட்டை பொறுக்கும் வேலை. முப்பது வயசு இருக்கும், பார்த்தால் நாற்பது சொல்லலாம். அவள் புருஷன் விருத்தாசலம் அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். கையில் நாலு காசு இருந்தால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவான். அங்கே மதுவிலக்கு கிடையாது. காசு இல்லாவிட்டால் மேசை நாற்காலிக்கு அடிக்கிற பாலிஷை வாங்கி, தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டிக் குடிப்பான். பன்னிரண்டு வருஷமாக இதே கதை. இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை.

"போலீசு வந்து புடிச்சிக்கினு போனா போவட்டும்ணா. ஜெயில்லயாவது குடிக்காம இருப்பாரு. நீங்க எழுதுங்க" என்றாள்.

கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். யோசிக்காமல் பதில் சொன்னாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒன்பதாவது கேள்வி: 'அவர் எப்போதாவது தானாகக் குடியை நிறுத்தியதுண்டா?'

"வருசா வருசம் பதினெட்டு நாளு நிறுத்துவாரு. தீமிதிக்கிக் காப்பு கட்டுனா அவுக்கற வரைக்கும் தொட மாட்டாரு. அவுத்த அன்னிக்கே பஸ் ஏறிடுவாரு."

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் கறி, மீன், குடி எதுவும் கூடாது. வெளியூரில் ராத் தங்கக் கூடாது. எப்பேர்ப்பட்ட முரடனும் அந்தப் பதினெட்டு நாள் பெட்டிப் பாம்பாக இருப்பான். அதையும் எழுதிக்கொண்டேன்.

இருபது நாளில் பதில் வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. கமிட்டியின் டாக்டர் விழுப்புரத்துக்கு வருகிறார். மெட்ராசில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் வைத்துக் குடிகாரர்களுக்கு வைத்தியம் செய்து பார்க்கப் போகிறார்கள். ஜில்லாவுக்கு ஒரு படுக்கை. கருத்துச் சொன்னவர்கள் நோயாளியை நேரில் அழைத்து வரலாம், டாக்டர் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்.

மில்லுக்கே போய்ச் சொன்னேன். அம்சாவின் கை கொட்டை பொறுக்குவதை நிறுத்திவிட்டது. "நம்ம ஆளுக்குக் கெடைக்குமாண்ணா?" என்றாள். அந்த ஒரு தடவைதான் அவள் முகத்தில் ஆசையைப் பார்த்தேன்.

"கிடைக்காமல் என்ன? நம் தாலுகாவில் எழுதிக் கேட்டவள் நீ ஒருத்திதானே. ஆனால் பெரிய மனுஷர்கள் முன்னால் தள்ளாடிக்கொண்டு வந்து நிற்கக் கூடாது. சவரம் பண்ணி, வேட்டி துவைத்துக் கட்டி, கவுரவமாக அழைத்து வா."

இந்தப் புத்தியைச் சொன்னவன் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் என் பேச்சை அப்படியே வேதமாக எடுத்துக்கொண்டாள். கவுரவமாக அழைத்துப் போக அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த வாரமே கோயிலில் கொடி ஏறியது. புருஷனை இழுத்துக்கொண்டு போய் முதல் ஆளாகக் காப்பு கட்ட வைத்தாள். விழுப்புரம் போகும் நாள் காப்பு கட்டிய பன்னிரண்டாம் நாளாக அமைந்தது. விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் பூசாரி உத்தரவு கொடுத்தார்.

காலை பாசஞ்சரில் மூன்று பேரும் போனோம். விருத்தாசலத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். கண்ணில் சிவப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் என்னிடம் மழை, பயிர் என்று பேசிக்கொண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். குடிக்காத விருத்தாசலத்தோடு அவ்வளவு நேரம் நான் பேசியதே அன்றைக்குத்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் விசாரணை. டாக்டர் அவன் நாக்கைப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். கை அசையாமல் நின்றது.

"கடைசியாக எப்போது குடித்தாய்?"

"பன்னெண்டு நாளு ஆச்சிங்க."

"குடிக்க வேண்டும் போல இருக்கிறதா?"

"அய்யய்யோ, இல்லீங்க. காப்பு கட்டிக்கினு அந்த நெனப்பே வரக் கூடாதுங்க." பெருமையாக மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இவருக்கு வைத்தியமே தேவையில்லை அம்மா. மனசு வைத்தால் நிறுத்தக்கூடியவர். ஒரு படுக்கைதான் இருக்கிறது. நிறுத்தவே முடியாதவனுக்குத்தான் அது போக வேண்டும்" என்றார். அடுத்த பெஞ்சில் ஒருவன் வாயில் நுரை வழிய, அண்ணன் தம்பி இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, உட்கார்ந்திருந்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து ஆள். அவனைக் கை காட்டினார்.

"காப்ப அவுத்தா குடிப்பாருங்க" என்றாள் அம்சா.

"அவிழ்க்காமல் இருக்கச் சொல்லுங்களேன்."

"அது சாமி காரியம். நம்ம இஷ்டத்துக்கு வெச்சிக்க முடியாதுங்க." பிறகு கேட்டாள்: "குடிச்சிட்டு இட்டாந்திருந்தா சேத்துக்கினு இருப்பீங்களா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "சேர்த்திருக்கலாம். நாலு மணி வரைக்கும் வேறு யாராவது வந்தாலும் பார்ப்பேன். அதற்குப் பிறகு முடிவு எழுதிவிடுவேன்" என்றார்.

வெளியே வந்தோம். அப்போது மணி பன்னிரண்டு. விருத்தாசலம் சிரித்துக்கொண்டே, "டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா, எனக்கு ஒண்ணும் இல்லியாம்" என்றான். அம்சா "தோ வர்றேன்" என்று விறுவிறுவென்று கடைத்தெருப் பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது முந்தானைக்குள் ஒரு பாட்டில் இருந்தது. பாலிஷ்! இரும்புக் கடையில் பெஞ்சுக்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் புருஷனை அழைத்துப் போய் நீட்டினாள்.

"குடி."

அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் மரம் போல நின்றேன். அரசாங்க உத்தியோகஸ்தன், மதுவிலக்குச் சட்டம் தெரிந்தவன், வேறென்ன கிழிப்பேன்?

"குடிய்யா. இன்னிக்கி ஒரு நாளு குடி. நாலு மணிக்குள்ள அவருகிட்ட போயி உழுந்துடு. சேத்துக்குவாரு. ஆறு வாரத்துல சரியாயிடும்."

"காப்பு கட்டிக்கினு இருக்கறேன் அம்சா."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நான் தீ மிதிக்கறேன். நீ குடி."

காலில் விழுந்தாள். பன்னிரண்டு வருஷம் குடிக்காதே என்று எத்தனை தடவை விழுந்தாளோ, எனக்குத் தெரியாது. அன்றைக்குக் குடி என்று விழுந்தாள். நான் பார்த்தேன்.

அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தான். வாடை எனக்கே குப்பென்று அடித்தது. அப்படியே மண்ணில் கவிழ்த்தான். சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, "என்னச் சோதிக்கறியா? பாத்துக்கினியா, இப்ப நம்புவியா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் மெச்சிக்கொள்வாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

"நம்பறேன்" என்றாள் அம்சா.

சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பினோம். விளக்கு வைப்பதற்குள் ஊர் வந்துவிட்டோம்.

பதினெட்டாம் நாள் தீ மிதித்தான். காலில் ஒரு கொப்புளம் இல்லை. மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். மத்தியான பஸ்ஸில் பாண்டிச்சேரி போனான், மூன்றாம் நாள் திரும்பினான். ஐப்பசி அடைமழையில் மில் மூடிக் கிடந்தபோது என்ன கருமத்தைக் குடித்தானோ, காலையில் எழுந்து 'ஏன் இன்னும் விடியல?' என்று கேட்டிருக்கிறான். கண் இரண்டும் போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் போனான். அம்சா அழவில்லை. ஊர்ப் பெண்கள் கிள்ளிக்கூடப் பார்த்தார்கள். பதினாறு முடிந்த மறுநாள் மில்லுக்குப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அழுதுவிட்டால் நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ.

ஐம்பத்தேழில் கமிட்டியின் அறிக்கை அச்சாகி ஆபீசுக்கு வந்தது. புரட்டினேன். 'திண்டிவனத்துத் தொழிலாளி ஒருவர் தெய்வ நம்பிக்கையாலேயே குடிப்பழக்கத்திலிருந்து மீண்டிருக்கிறார். இத்தகையவர்களுக்கு மருத்துவ உதவி அவசியப்படுவதில்லை' என்று போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், பொதுமக்கள் இதைப் படித்துத் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கலாம் என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அந்த வரிகளைப் படித்துக் காட்டினேன். அவள் கொட்டை பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"வாயைத் திறந்து ஏதாவது சொல், அம்சா! பொய் என்று எழுதட்டுமா? செத்துவிட்டான் என்று எழுதட்டுமா? கிழிகிழி என்று கிழித்து எழுதுகிறேன்" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய்யின்னு ஏண்ணா எழுதறீங்க? அன்னிக்கி அவரு குடிக்கல. குடுத்தவ நானு. அவரு வேணாம்னு சொல்லிட்டாரு. அத வேணா எழுதிக்குங்க."

முறத்தைத் தட்டி அடுத்த குவியலை இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அறிக்கையை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.