ஏழாவது வண்டியின் பாரம்

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயக் கிடங்கில் நான் குமாஸ்தா. குமாஸ்தா என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் அதிகம். ஆறு மாதமாகத் தற்காலிகம்தான். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

ரயிலில் வந்து இறங்கும் வெங்காய மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவது என் வேலை. அன்று இலங்கைக் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு. சாயங்காலம் நாலு மணிக்குள் துறைமுக கேட்டுக்குள் போகாவிட்டால் நாளைக்கு நீ வரவேண்டாம் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் அப்படித்தான். நல்ல வார்த்தை சொன்னால் வாய் வலித்துவிடும் அவருக்கு.

இதில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் வண்டிப்பேட்டைக்குப் போய் எட்டு வண்டி வேண்டும் என்று சொல்லவேண்டியவன், ஏழு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காலையில் ஏழு வண்டிதான் வந்து நின்றது. முதலாளியிடம் சொன்னால் அங்கேயே கதை முடிந்துவிடும். எட்டாவது வண்டிச் சரக்கை ஏழு வண்டிக்கும் பிரித்து ஏற்றச் சொன்னேன். ஆறு பேர் குதித்தார்கள். மாடா, மோட்டார் லாரியா என்று கேட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கு ஒரு மூட்டை ஏற்றினேன். மீதி முழுவதையும் ஏழாவது வண்டியில் ஏற்றிவிட்டேன். அந்த வண்டிக்காரன் மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. என் வயதுதான் இருக்கும். என் முகத்தையும் பென்சில் பிடித்த கையையும் பார்த்தான், "ஏத்து சார்" என்றான். இளிச்சவாயன் ஒருத்தன் கிடைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஒரு கூட்ஸ் வண்டி முன்னால் போகும், நிற்கும், பின்னால் வரும். நான் முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகத் தண்டையார்பேட்டை தாண்டி ராயபுரம் கல்மண்டபத்தை நெருங்கும்போது மணி இரண்டரை. இனிமேல் கவலையில்லை என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை விட்டிருக்கக் கூடாது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். ஏழாவது வண்டியின் வெள்ளை மாடு முன்னங்கால் மடிந்து தார் ரோட்டில் படுத்துவிட்டது. வாயில் நுரை.

சரி, அது கடைசி வண்டி. மற்ற ஆறும் போகலாமே? முன்னால் ரோடு காலியாகக் கிடக்கிறது. ஆனால் ஆறு வண்டியும் வரிசையாக நின்றன. நின்றதோடு விட்டார்களா? ஒவ்வொருவனாக இறங்கி மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான். எனக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது.

"ஏனய்யா அவிழ்க்கிறீங்க? நாலு மணிக்குத் துறைமுக கேட்டை மூடிடுவான்யா!"

முதல் வண்டிக்காரன் பீடியைப் பற்றவைத்தான். "மாடு வுய்ந்துகீது சார். அது எய்ந்திருக்காம எந்த வண்டியும் நவுராது. எங்க பேட்ட வய்க்கம்."

"உன் மாடா விழுந்தது?"

"இன்னிக்கு அவன் மாடு. நாளிக்கு என் மாடு. சும்மா பேஜாரு பண்ணாத சார், குந்து."

நான் உட்காரவில்லை. என் வேலை, வீட்டில் எட்டு மாதம், எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்று கத்தினேன். ஒருத்தரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருவன் தண்ணீர் கொண்டுவரப் போனான். ஒருவன் சாக்கை நனைத்து மாட்டின் தலையில் போட்டான். மற்றவர்கள் ஏழாவது வண்டியின் மூட்டைகளை இறக்கி அடுக்கினார்கள்.

இவர்கள்தான் இப்படியென்றால் வெள்ளையின் ஜோடி மாடு அதற்கு மேல். அது ஒரு செவலை. நுகத்தடியிலிருந்து அவிழ்த்து விட்டதும் நிழலுக்குப் போகவேண்டியதுதானே? பக்கத்தில் புல்லுக்கட்டு வேறு போட்டிருந்தார்கள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே வந்து, வெயிலை மறைத்துக்கொண்டு வெள்ளையை ஒட்டி நின்றது. நான் தார்க்குச்சியை எடுத்து ஓட்டினேன். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மாடுகூட எனக்கு விரோதி என்று அழுகையே வந்துவிட்டது.

வெள்ளை இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்து வழுக்கி விழுந்தது. மாதா கோயில் மணி மூன்று அடித்தது. மூன்றாம் தடவை அது முண்டும்போது செவலை இன்னும் நெருங்கி வந்து தன் விலாவைக் கொடுத்தது. அதன்மேல் சாய்ந்து வெள்ளை மெல்ல மெல்லக் காலை ஊன்றி நின்றுவிட்டது. அதற்குப் பெயர் பாசமா, எட்டு வருஷம் ஒரே நுகத்தடியில் கழுத்துக் கொடுத்த பழக்கமா, எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

உடனே எல்லோருக்கும் கால் முளைத்துவிட்டது. மாடுகளைப் பூட்டி, ஏழாவது வண்டி மூட்டைகளை ஆறு வண்டியிலும் ஏற்றினார்கள். காலையில் ஒரு மூட்டைக்குக் குதித்த அதே ஆட்கள்! ஏறி உட்காரவில்லை, இறங்கிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "இன்னா சார் வேடிக்க பாத்துகினுகீற? கைய குடு" என்றான் ஒருவன். வெள்ளைச் சட்டையோடு நானும் தள்ளினேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தோம்.

உள்ளே போய் விசாரித்தால், கப்பல் இன்னும் துறைக்குள்ளேயே வரவில்லையாம். வெளியே கடலில் நிற்கிறதாம். நாளை மறுநாள்தான் சரக்கு ஏற்றுவார்களாம். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

திரும்பி நடந்து வந்தேன். கல்மண்டபத்தில் அந்த ஏழாவது வண்டிக்காரன் இரண்டு மாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வெள்ளையின் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தான். கால் வீங்கி, தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. கப்பல் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. காலையிலேயே முடியாது என்று நீ ஏன் சொல்லவில்லை? மற்றவர்கள் எல்லாம் சொன்னார்களே!"

சிரிப்பை நிறுத்திவிட்டு மாட்டின் காலையே பார்த்தான். "உன் கை நடுங்கிகினு இருந்திச்சி சார். பென்சில புடிக்க முடியல உன்னால. இந்தாளு வூட்ல இன்னா கஸ்டமோன்னு நான் ஏத்திகினேன். மாட்டத்தான் கேக்கல. அதான் தப்பாப் பூட்ச்சி."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து பற்றுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளை மறுபடி நுகத்தடி தாங்க ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. அதுவரை அவன் வீட்டுக்கு அரிசியும் மாடுகளுக்கு வைக்கோலும் அந்த ஆறு வண்டிக்காரர்கள் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு கட்டுப் புல் தூக்கிக்கொண்டு போவேன். செவலை என்னைப் பார்த்தால் மட்டும் தலையை ஆட்டி முட்ட வரும். அதன் நியாயம் அதற்கு.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. பெண் பிறந்தாள். பிறகு எத்தனையோ பேரிடம் வேலை வாங்கிவிட்டேன். முடியாது என்று எகிறுகிறவர்களைச் சமாளிப்பது எனக்குச் சுலபம். ஆனால் யாராவது மறுபேச்சில்லாமல் "ஏத்து சார்" என்கிறமாதிரி தலையாட்டிவிட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது, உடனே என் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.