பாகு பாட்டில்

என் தந்தை சோலைச்சாமி தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே அவர் வந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். வெல்லமும் ஏலமும் சுக்கும் கலந்த வாசனை ஒன்று அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். அவர் குளித்தாலும் அது போவதில்லை. சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டால் கொடியிலும் அது இருக்கும். இப்போது வெளியூர் விடுதியில் இருந்து படிக்கும் எனக்கு, எங்காவது வெல்லம் கொதிக்கும் வாசனை வந்தால் மணி மாலை ஆறு என்று தோன்றிவிடுகிறது.

அவர் புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது, உளுந்தும் பருத்தியும் போட்ட நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, மணமான புதிதில் என் தாய் ராதாமணியுடன் கோவில்பட்டிக்கு வந்தார். மாயகிருஷ்ணன் என்பவர் நடத்திய கடலைமிட்டாய் கம்பெனியில் முதலில் விறகு தள்ளினார். பிறகு கடலை வறுத்தார். நான் பிறந்த ஆண்டில் பாகுச் சட்டி அவர் பொறுப்புக்கு வந்தது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றினால், அது மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறும். எந்த நிறத்தில் கடலையைக் கொட்ட வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் சாரம். சற்று முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். சற்றுப் பிந்தினால் கசக்கும்.

பாகு இறுகுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, சிறிய கண்ணாடி பாட்டில் ஒன்றில் ஊற்றி எனக்காகக் கொண்டு வருவார். இரவுத் தோசைக்கு எனக்கு அதுதான் தொடுகறி. முதலாளி மாயகிருஷ்ணன் சர்க்கரை நோயாளி. "கொண்டு போடே சோலை. போட்டு விக்கவன் திங்க முடியல. உன் மகளாவது திங்கட்டும்" என்று அவரே சொல்லியிருந்தார்.

1993ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் முதல் வகுப்பில் சேர்ந்தேன். ஆண்டில் எனக்கு ஐயம் இல்லை. பிறவற்றைத் தாயும் தந்தையும் பலமுறை சொல்லிக் கேட்டதிலிருந்தும், எனக்கு நினைவிருப்பதிலிருந்தும் எழுதுகிறேன்.

அக்காலத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். அது நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர்தான். ஆகவே ஒரு வீட்டில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது ஒளிக்கக்கூடிய செய்தியாக இருக்கவில்லை. குடத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அம்மா மூடியைத் திறக்காமலே சொல்வார்.

"ஏங்க, இந்தப் பிள்ள குடிக்கிற தண்ணியப் பாத்தீங்களா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையக்கூட எறக்கல, செம்ப அப்படியே வாயில கவுக்கா."

"வெயில்ல வாரால்லா."

"வெயில் எனக்குந்தான் அடிக்கி. நான் என்ன குடத்தோடயா குடிக்கேன்? ராத்திரி ஆனா பாய நனைச்சிருதா. நின்னுபோன பழக்கம், இப்பத் திரும்ப வந்திருக்கு."

"சின்னப்பிள்ளதானட்டி, விடு."

"விடுதேன். அடுத்த குழா வாரதுக்குள்ள குடம் காலியாச்சின்னா நீங்க போயி வரிசையில நில்லுங்க."

அப்பா சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். மாயகிருஷ்ணன் வழக்கம்போல நாற்காலியில் அமர்ந்து தம் உடல்நிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கம்பெனியில் எல்லாரும் மனப்பாடமாக அறிந்த பேச்சு அது.

"ராத்திரி ஒறக்கமே கெடையாதுடே. ஒரு செம்பு குடிக்கது, வெளிய போறது, வந்து மறுபடியும் குடிக்கது. மொதமொத இத வச்சித்தான எனக்குச் சுகருன்னு கண்டுபிடிச்சாவ."

ஆண்டுக்கணக்கில் காதில் விழுந்த அந்தச் சொற்கள் அன்றுதான் அப்பாவின் மனத்தில் விழுந்தன. கரண்டி கையில் நின்றது.

"மொதலாளி, சின்னப்பிள்ளைகளுக்கும் அது வருமா?"

"வராம என்ன? விளாத்திகுளத்துல எங்க சொக்காரன் மவன் ஒருத்தன். எட்டு வயசு. தெனமும் ஊசி போடுதாவ. ஏன் கேக்கே?"

"சும்மாதான்."

அன்று மாலை வாசனை மட்டும் வீட்டுக்கு வந்தது; பாட்டில் வரவில்லை. நான் பையைத் துழாவினேன்.

"எங்கப்பா பாகு?"

"மொதலாளி தரலட்டி."

மறுநாளும் தரவில்லை, அதற்கு மறுநாளும் தரவில்லை. மாயகிருஷ்ணன் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. அவர் தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு அடுப்படியில் அப்பா தம் சந்தேகத்தை அம்மாவிடம் சொன்னதை நான் அறியேன். அப்பா புலம்பியதையும் தாம் பதில் சொன்னதையும் அம்மா பின்னாளில் சொன்னார்:

"நாந்தான்ட்டி குடுத்தேன். வேற யாரு குடுத்தா? தெனமும் என் கையாலல்லா ஊத்திக் குடுத்தேன்."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. ஒண்ணும் தெரியாம ஒப்பாரி வைக்காதீங்க. நாளைக்கே கொண்டு போயிப் பாப்போம்."

ஆனால் மறுநாள் விடியும்போதே தெருவில் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வந்த நாளில் எந்த வீட்டிலும் வேறு எந்த வேலையும் நடக்காது. அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார். "காலையில மொத மூத்திரத்தச் சுத்தமான பாட்டில்ல பிடிச்சிட்டு வாங்க" என்று பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த பரிசோதனைக் கூடத்தில் அப்பா முந்தின நாள் விசாரித்தபோது சொல்லியிருந்தார்கள். அப்பா அலமாரியில் தேடினார். மூடியோடு இருந்த கண்ணாடி பாட்டில் எங்கள் வீட்டில் ஒன்றுதான். அதை எடுத்து, ஒரு கை உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினார். எங்கள் ஊரில் எந்தப் பாத்திரத்தையும் அதற்கு மேல் தண்ணீர் செலவழித்துக் கழுவும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

பரிசோதனைக் கூடத்தில் சாமுவேல்ராஜ் என்ற இளைஞர் இருந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீல நிற மருந்தை ஊற்றி, பாட்டிலிலிருந்து சில சொட்டுகளை அதில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நீலம் மெல்லப் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் செம்மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெருப்பின் மேல் ஒன்று நிறம் மாறுவதைத் தம் வாழ்நாளில் அவரளவு கூர்ந்து பார்த்தவர் எங்கள் தெருவில் இல்லை. சரியான இடத்தில் கையை நீட்டி இறக்கிவிடத் தெரிந்தவர், அன்று எதையும் இறக்கிவிட வழியின்றி நின்றார்.

"என்ன தம்பி, இருக்கா?"

சாமுவேல்ராஜ் விளக்கை அணைத்தார். "டாக்டரப் பாருங்க அண்ணாச்சி. ரத்தமும் எடுக்கணும்."

மருத்துவர் என் நாக்கைப் பார்த்தார், எடை போட்டார், கண் இமையை விரித்துப் பார்த்தார். "பிள்ள இளைக்கல. தெம்பாத்தான் இருக்கா. ரத்தத்தப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வாங்க" என்றார். ஊசி கையில் ஏறியபோது நான் கத்திய கத்தலுக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். விளாத்திகுளத்துச் சிறுவனின் தினசரி ஊசி அவர் கண்ணில் நின்றிருக்க வேண்டும்.

என்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் கம்பெனிக்குப் போனார். அன்று பாகு கருகிற்று. புகை எழுந்து, கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"என்னடே இது? மிட்டாய் போடுதியா, கரி போடுதியா?" என்று மாயகிருஷ்ணன் எழுந்து வந்தார். சட்டியைப் பார்த்தார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "வீட்ல என்ன?"

அப்பா சொன்னார். எந்நேரமும் தம் சர்க்கரையைப் பற்றியே பேசுபவர் அந்தப் பேச்சை அன்று எடுக்கவே இல்லை என்பதை அப்பா எப்போதும் சேர்த்துச் சொல்வார்.

"அடுப்ப அணைச்சிட்டுப் போ. பாகு நாளைக்கும் காய்ச்சலாம்."

மாலையில் அம்மாவும் உடன் வந்தார். சாமுவேல்ராஜ் கையில் ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ரத்தத்துல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. ரெண்டு தடவ பாத்துட்டேன். ஆனா காலையில அப்படிக் காட்டிச்சே, அதான் வெளங்கல."

அம்மாவின் கண் மேசையில் இருந்த பாட்டிலின் மேல் விழுந்தது.

"இது நம்ம பாகு பாட்டில்லா?"

"ஆமா" என்றார் அப்பா. "கழுவித்தான கொண்டாந்தேன்."

"எத ஊத்திக் கழுவினீங்க?"

"ஒரு கை உப்புத் தண்ணி..."

"ஒரு கையா? அது கழுவினதா, கண்ணத் தொடச்சி விட்டதா? அடியில காய்ஞ்சி கெடக்குமே, நகத்த வச்சிச் சொரண்டினாத்தான போகும்!"

சாமுவேல்ராஜ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க பிள்ளைக்கா டெஸ்ட் எடுத்தீங்க? வெல்லத்துக்குல்லா எடுத்திருக்கீங்க!"

வேறொரு பாட்டில் கொடுத்து, என்னிடமிருந்து மறுபடியும் வாங்கிச் சூடு காட்டினார். நீலம் நீலமாகவே நின்றது. கொதித்த பிறகும் நீலம். அப்பா அந்தக் குழாயை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்து, ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மருத்துவரிடம் அவர் ஒன்று மட்டும் கேட்டார். "இனிமே இவளுக்குப் பாகு குடுக்கலாமா?"

"கொஞ்சமாக் குடுங்க. பல்லுக்குத்தான் கெடுதல். பிள்ளைகளுக்கு வாற சுகர் இனிப்புத் தின்னு வாறதில்ல. ஆனா நீங்க கொண்டு வந்தது சரிதான், இந்த மாதிரி தாகமும் பாய நனைக்கதும் இருந்தாப் பாக்கத்தான் செய்யணும்" என்ற மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "பாட்டில்ல இருந்தது பொய். தாகம் நெசந்தான? ஏம்மா, பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வந்தாப் போக வேண்டியதான?"

"பூட்டிப் போட்டிருக்காவ."

அதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை; நானும் சொல்ல வேண்டிய செய்தி என்று நினைத்ததில்லை. பையன்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த உடைமரக் காட்டுக்குப் போவார்கள். பெண்கள் காலையிலிருந்து மாலைவரை ஒரு மிடறும் குடிக்காமல் இருப்போம். மூத்த வகுப்பு அக்காமார் நாங்கள் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. பகல் முழுவதும் அடக்கிய தாகத்தை வீட்டுக் குடத்தில் தீர்த்துக்கொள்வேன். இரவில் பாய் நனையும்.

மறுநாள் அப்பா தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் கைவிரித்தார். "தொறந்து விடலாம் அண்ணாச்சி. ஊத்தத் தண்ணி? ஒரு நாள்ல நாத்தம் தாங்காது, பெறகு நீங்களே வந்து சண்டை போடுவீங்க." அவர் சொன்னதிலும் தவறில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊர் அது.

பள்ளிக்கு எதிரே நேசம்மாள் என்ற பெண்மணி வீட்டு முன்னறையில் இலந்தைவடையும் உப்பு மாங்காயும் விற்றுவந்தார். தூத்துக்குடியில் வேலை பார்த்த அவர் மகன் வீட்டின் பின்புறம் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தான். அப்பா சைக்கிளை அங்கே நிறுத்தினார்.

"அக்கா, மத்தியானம் ஒரு நேரம் எம்பிள்ள உங்க கக்கூஸுக்கு வந்து போகட்டுமா?"

"நல்லாருக்குவே! நானே வாரத்துக்கு ரெண்டு குடத்த வச்சிக் கணக்குப் பாத்து ஊத்துதேன். ஒண்ண விட்டா ஊர்ப் பிள்ள பூரா வரும். தண்ணி யாரு, ஒம்ம அப்பனா கொண்டாந்து ஊத்துவாரு?"

"எங்கப்பன் இல்ல. நான் ஊத்துதேன்."

கம்பெனியில் ஆழ்துளைக் கிணறு இருந்தது. மாயகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து அப்பா காலையில் சைக்கிளின் இருபுறமும் குடம் கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, நேசம்மாள் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார். நான் முன்கம்பியில் உட்கார்ந்திருப்பேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் குடம் தளும்பி என் முதுகு நனையும். வழியோரக் கரிசல் மண்ணில் நீர் தெறித்தால் எழும் வாசனையும் அப்பாவின் சட்டை வாசனையும் சேர்ந்துதான் என் பள்ளிக்காலத்துக் காலைநேரம். மாலையில் பாட்டில் மறுபடி வரத் தொடங்கிற்று. அதை அம்மா தம் கையாலன்றி யாரையும் கழுவ விடவில்லை.

நேசம்மாள் சொன்னது பலித்தது. இரண்டு வாரத்துக்குள் என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பிறகு மூத்த வகுப்பு அக்காமாரும் வந்தார்கள். அப்பா ஒரு நடையை இரண்டாக்கினார். நான் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போன பிறகும் குடங்கள் நிற்கவில்லை. "ஒம்ம மவதான் போயாச்சே, இன்னும் என்னத்துக்குவே செமக்கேரு?" என்று நேசம்மாள் கேட்டாராம். "பாக்கிப் பிள்ளைக இருக்குல்லா" என்றாராம் அப்பா. பள்ளிக்குள் தொட்டி கட்டி மோட்டார் போடும் வரையில் அது நடந்தது.

நினைவில் அழியாமல் இருப்பது முதல் வாரத்து நண்பகல் ஒன்று. மணி அடித்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் தெருவைத் தாண்டி ஓடினோம். நேசம்மாள் கடை வாசலில் ஒரு மண்பானையும், கவிழ்த்த தம்ளரும் புதிதாக இருந்தன. பானையில் இருந்தது நல்ல தண்ணீர். நாங்கள் பழக்கத்தால் அதைத் தொடாமல் நின்றோம். இலந்தைவடையை மடித்துக்கொண்டிருந்த நேசம்மாள் தலையை நிமிர்த்தாமலே அதட்டினார்:

"என்னட்டி முழிக்கிய? குடிங்க. வயிறு முட்டக் குடிங்க. போறதுக்குத்தான் எடம் இருக்குல்லா!"