வாய் நிறையத் தண்ணீர்

பக்கத்து வீட்டுப் பிள்ளை "ப், அ, ப" என்று ஒலி கூட்டிப் படிக்கிறது. எல்லோருக்கும் இனிக்கிறது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அந்தக் காலத்தில், எங்கள் ஊர் ஓரிக்கையில், மிஷன் பள்ளி டீச்சரம்மா என் அக்காவுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அக்கா பண்ணையார் களத்தில் சாணி அள்ளும்போதும் அந்த ஒலிகளை முணுமுணுப்பாள். அந்தப் பாவி ஒருநாள் கேட்டுவிட்டான்.

"இன்னாடா, உன் பொண்ணு மந்திரம் ஓதுது?"

"எழுத்துக் கூட்டுதுங்க சாமி" என்றார் அப்பா.

"கூட்டட்டும். உன் குடிசைக் கீத்து நல்லா காஞ்சிருக்குது, பாத்துக்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மறுநாள் விடியலில் அப்பா அக்காவின் வாயில் தண்ணீரை ஊற்றினார். "முழுங்காத, துப்பாத. வூட்டுக்கு வர்ற வரைக்கும் வாயிலயே வெச்சிக்கம்மா."

அக்கா கன்னம் உப்பச் சாணி அள்ளினாள். சத்தமே இல்லை. கால் கட்டைவிரல் மட்டும் புழுதியில் எழுதிக்கொண்டிருந்தது. பண்ணையார் குனிந்து அதைப் பார்த்தான்.