பிரேமுக்காக வெட்டிய பெயர்

பெங்களூர் கேலரி முதலாளியே, ஒரு பெண் வரைந்த படங்களை நீங்கள் உங்கள் மச்சான் பெயரில் மாட்டினீர்கள். அது திருட்டு. மச்சான் வரைந்ததுதான் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பொய். அந்தப் படங்களை உங்களிடம் கொண்டுவந்து விற்றவன் நான். மாரண்டஹள்ளி டிராயிங் டீச்சர் வரைந்தது என்று சொல்லித்தான் விற்றேன்.

உங்களை எவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறுவதில்லை. அதற்குக் காரணம் நீங்கள் இல்லை, நான்.

எண்பதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு பிரேம் கடை இருந்தது. அத்தா வைத்த கடை. முருகன், லட்சுமி, மெக்கா, மாதா, கல்யாண போட்டோ, எது வந்தாலும் கண்ணாடி போட்டுக் கொடுப்போம். பாதிக்கு மேல் காலண்டர் படங்கள்தான். வருடம் முடிந்ததும் சாமியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கொண்டுவருவார்கள். படத்துக்கு அடியில் உரக்கடை பெயரோ ஜவுளிக்கடை பெயரோ இருக்கும். அதை வெட்டிவிட்டுத்தான் பிரேம் அடிப்போம். சாமியின் காலடியில் உரக்கடை பெயர் இருந்தால் யார் கும்பிடுவார்கள்? வெட்டச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை. கை தானாக வெட்டும்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார். பாலக்கோடு பஸ்ஸில் வந்த புழுதி புடவையில் இருந்தது. கையில் சுருட்டிய தாள்கள். ஒன்றை விரித்தார். ஒரே சிவப்பு. நடுவில் கறுப்புக் கோடுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின.

"இதென்னாங்க டீச்சர்?" என்றேன்.

"பாத்தா என்னா தோணுதுங்க பாய்?"

"தக்காளி லாரி கவுந்து, ஜனங்க பொறுக்க ஓடற மாதிரி இருக்குது."

சிரித்துவிட்டார். "இத்தன வருசத்துல நீங்கதான் ஏதோ ஒண்ணு சொன்னீங்க. எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, பெயிண்ட் கொட்டிடுச்சா, தொடைக்கட்டுமான்னாரு."

யாராவது கேட்டால் விற்றுக் கொடுங்கள் என்று தாள்களைக் கடையிலேயே விட்டுப் போனார். அந்தப் படத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மற்ற படங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது சலிக்கவில்லை.

அப்போது ஓசூரும் எங்கள் மாவட்டம்தான். புதிது புதிதாக ஃபேக்டரிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஃபேக்டரியின் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் என் கடைக்கு வந்தார்.

"சாமி படம் வேணாம் பாய். நீர்வீழ்ச்சி வேணாம், சிரிக்கிற கொழந்த வேணாம். மாடர்ன் ஆர்ட்டா எதாச்சும் இருக்கா?"

டீச்சர் படத்தை எடுத்துக் காட்டினேன். "இது என்னா அர்த்தம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பேசாமல் நின்றேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டி வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வியாபாரம் கற்றுக்கொண்டேன். மாடர்ன் ஆர்ட் விற்பவன் வாயைத் திறக்கக் கூடாது.

அதன் பிறகு டீச்சர் வரைய வரைய நான் விற்றேன். சுருட்டிய தாளைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். நான் பிரேம் போட்டு, கோணியில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி ஓசூர் கொண்டுபோவேன். பிரேமுக்குள் தன் படம் எப்படி இருக்கிறதென்று அவர் பார்த்ததே இல்லை. பெங்களூரிலிருந்து நீங்கள் வந்து கெஸ்ட் ஹவுஸில் அந்தப் படங்களைப் பார்த்தீர்கள். என் கடையைத் தேடி வந்தீர்கள். உங்கள் கார் என் சந்துக்குள் நுழையவில்லை, நடந்து வந்து, இனிப் படங்களை உங்களிடமே கொடுக்கச் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் என்னை "ஆர்ட்டு பாய்" என்று கிண்டல் செய்தார்கள், அதுவும் பிடித்திருந்தது. காரிமங்கலம் சந்தையில் மாடு பிடிக்கிற என் சகலைகூட, "கோணல் கோடு விக்கிற மகராசன் வர்றாரு, எந்திரிங்கடா" என்று சிரிப்பான்.

ஒரு நாள் நீங்கள் நான் விற்ற படங்களை வைத்துக் கண்காட்சி போடுவதாகச் சொல்லி அனுப்பினீர்கள். டீச்சரைக் கூட்டி வரச் சொல்லவில்லை, நானாகவே அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "எம் படத்த சுவத்துல இன்னைக்குத்தான் பாக்கப் போறேன் பாய்" என்றார். புதுப் புடவை கட்டியிருந்தார்.

உள்ளே போனோம். சுவர் முழுக்க அவர் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அட்டை. அட்டையில் உங்கள் மச்சான் பெயர்.

டீச்சர் கத்தவில்லை. முதல் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து, கீழ் ஓரத்தைப் பார்த்தார். அடுத்த படத்திலும் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே இடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாய், அடியில எம் பேரு எழுதியிருந்தேனே. எங்க?"

ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுவது அவர் வழக்கம். என் கண்ணாடி அளவைவிட அந்தத் தாள் நீளம். காலண்டருக்கு அடியை வெட்டிப் பழகிய கை, இதற்கும் அடியைத்தான் வெட்டியது. பெயர் இருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் வெட்டினேன். அடியில் இருக்கும் பெயரென்றால் எனக்கு அது கடைப் பெயர் மாதிரிதான்.

"வெட்டிட்டேங்க டீச்சர்" என்றேன்.

அவர் உங்களிடம் வந்தார். "இதெல்லாம் நான் வரைஞ்சது" என்றார். கையில் டீயோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "கையெழுத்து எங்கம்மா? காட்டுங்க" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "பாய், நீங்கதானே கொண்டாந்தீங்க? நீங்களே சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். இவர் வரைந்தார், நான் வெட்டினேன். அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

"டீச்சர், வெளிய போயி பேசிக்கலாம் வாங்க."

"வெளிய எதுக்குங்க? படம் உள்ளதானே இருக்குது" என்றார் அவர்.

நான் அவர் கைப்பையைப் பிடித்து இழுத்தேன். பெரிய மனிதர்கள் முன்னால் அவமானமாக இருந்தது. உங்கள் கேலரி கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. அவர் என்னோடு வெளியே வந்தார். வந்ததே எனக்காகத்தான் என்று பின்னொரு நாள் அவரே சொன்னார், நான் அங்கேயே அழுதுவிடுவேன் என்று நினைத்தாராம்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதன் பிறகு கடைக்கு வரவும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு கல்யாண போட்டோவுக்கு பிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்டிய ஓரத்தை மடித்து, போட்டோவுக்கும் பின்பலகைக்கும் நடுவில் செருகினேன். படம் ஆடாமல் இருக்க எல்லா பிரேமிலும் அப்படித்தான் செருகுவேன், தனியாகத் தாள் வாங்குவதில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் பெயர் குப்பைக்குப் போகவில்லை. அவருடைய படங்களுக்குப் பின்னாலேயே மடிந்து கிடக்கிறது.

கடையைப் பூட்டிவிட்டு மாரண்டஹள்ளிக்கு ஓடினேன். நான் சொன்னதை டீச்சர் வாசலில் நின்றே கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

"அப்போ நீங்க பேசியிருந்தா, பலகையக் கழட்டிப் பாத்திருப்பாங்க. இப்ப வந்து எங்கிட்ட சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே பாய், நாந்தானே வரைஞ்சேன். தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

உங்களிடம் வந்தேன். ஒரு பிரேமை மட்டும் கழற்றிப் பாருங்கள் என்றேன். படம் கெட்டுப்போகும் என்றீர்கள். நான் அடித்த ஆணியைக் கழற்றினால் படம் கெடுமா? அடுத்த முறை காவலாளி என்னை உள்ளே விடவில்லை. நானும் ஊர் திரும்பி வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகும் வேறு ஆட்களின் படங்களை வேறு கேலரிகளுக்கு விற்றேன், அடியை வெட்டாமல். என்னை நம்பி ஓவியம் கொடுத்த ஒவ்வொருவரும் "நம்பிக்கையான ஆளு" என்று சொல்லும்போது எனக்குக் கூசும்.

டீச்சர் இன்றும் மாரண்டஹள்ளியில் இருக்கிறார். மறுபடி வரைந்தாரா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. உங்கள் மச்சான் பெரிய ஓவியராகிவிட்டார். அந்தப் படங்கள் உங்கள் கூடத்தில்தான் தொங்குகின்றன. போன வருடம்கூடக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் அடித்த அதே பிரேம், மாற்றவில்லை.

டீச்சர் சொன்னபடி, இந்தப் பத்திரிகை வழியாகத் தெரியாதவர்களிடம் இப்போது சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பேசுங்கள். எனக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டாம். நாலு பேரை அழையுங்கள், பத்திரிகைக்காரர்களையும் அழையுங்கள், டீச்சரை முன்னால் உட்கார வையுங்கள். ஒரே ஒரு படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அவர்கள் கண் முன்னால் பின்பலகையைக் கழற்றுங்கள். உள்ளே பெயர் இல்லையென்றால் நான் பொய்யன் என்று அங்கேயே எழுதிக் கொடுக்கிறேன். கழற்றுவீர்களா, மாட்டீர்களா? பத்திரிகையில் பதில் சொல்லுங்கள்.