அண்ணி ஒட்டிய பத்து சென்டிமீட்டர்

என் அண்ணியைப் பற்றி நான் நல்லவிதமாக நாலு வரி எழுதுகிறேன் என்றால் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அண்ணனே நம்ப மாட்டான். இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம். வேலையும் ஒரே ஆய்வகத்தில். நான் ஸ்டோர் பார்க்கிறேன். அண்ணி தூசி புகாத அறையில் டெக்னீஷியன். பாத்திரம் கழுவும் முறையிலிருந்து ஜன்னல் திறக்கும் நேரம்வரை எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அண்ணியின் வேலை கேட்பதற்குச் சுலபம். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் கட்டை ஒன்று. அதன் இரண்டு முனைகளிலும் பொத்தான் அளவுக் கண்ணாடியை ஒட்ட வேண்டும். பசை கிடையாது. இரண்டு பரப்பும் அத்தனை சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால் தானாகவே கவ்விக்கொள்ளும். ஒரு தூசி இருந்தாலும் போச்சு. கண்ணாடி ஒட்டும் நாட்களில், கை நடுங்குமென்று அண்ணி காலையில் என்னோடு சண்டை போட மாட்டார். அந்த நாட்களில் நானும் வாயை அடக்கிக்கொள்வேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இதற்குப் பெயர் கேவிட்டி. இரண்டு செயற்கைக்கோள்கள் இருநூறு கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றப் போகின்றன. கீழே மலையோ நிலத்தடி நீரோ கூடுதலாக இருந்தால் பூமியின் இழுப்பும் கூடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் துளி மாறும். அந்தத் துளியை லேசர் அளக்கும். லேசரின் அதிர்வெண் இவ்வளவுதான் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அளந்ததற்கு மதிப்பு. அதை அலையவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தக் கேவிட்டி. கட்டையின் நீளம் மாறாதவரை அதிர்வெண்ணும் மாறாது.

கேவிட்டியை அனுப்ப இரண்டே நாள் இருக்கும்போதுதான் வந்தது வினை. அண்ணியின் கேவிட்டியில் பூட்டிய லேசர் நாற்பது மெகாஹெர்ட்ஸ் அலைகிறது என்று லேசரை அளக்கும் மீட்டர் காட்டியது. திட்டத் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒட்டு விட்டிருக்கும்மா. வெளியில வாங்கின ஸ்பேர் ஒண்ணு இருக்கில்ல, வெள்ளிக்கிழமை அதையே அனுப்பிடலாம்."

மூன்று வருட உழைப்பு. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டு விடல சார். மீட்டர்தான் தப்பாக் காட்டுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் தலைவர். நாலு பேர் சிரித்தார்கள். கையுறைப் பெட்டியோடு வாசலில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணியை நான் சொல்லலாம். சொல்ல இவர்கள் யார்?

அண்ணி கோபப்படவில்லை. "ஒரே ஒரு நாள் குடுங்க. கேவிட்டியையே கேட்டுடறேன்," என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் விளக்கினார்: "எல்லா லேசரும் இதுக்குள்ள நிக்காது. ஏணிப்படி மாதிரி சில அதிர்வெண்ல மட்டும்தான் நிக்கும். படிக்கும் படிக்கும் நடுவுல எவ்வளவுங்கறது கட்டையோட நீளத்தைப் பொறுத்தது. மீட்டர் சொல்றது நிஜம்னா அந்த இடைவெளி இருநூறு ஹெர்ட்ஸ் மாறியிருக்கணும். அதை நம்ம அணுக் கடிகாரத்தை வச்சே அளந்துடலாம். மீட்டர் தயவு வேண்டாம்."

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தார். சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மீட்டரில் எண்கள் குதியாட்டம் போட்டன. படி இடைவெளியோ நூற்றைம்பது கோடி ஹெர்ட்ஸில் இரண்டு, மூன்று ஹெர்ட்ஸுக்கு மேல் அசையவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணி முதுகை நிமிர்த்தினார். கூடம் கோணல்தான்!

"சரி, மீட்டருக்கு என்ன கேடு?" என்றேன். அண்ணி கருவிகள் இருந்த அடுக்குக்குப் பின்னால் குனிந்து, மீட்டருக்கு லேசரைக் கொண்டுபோகும் ஃபைபரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, இந்த வேலைக்கு நான் எப்பவும் மஞ்சள் ஃபைபர்தானே குடுப்பேன்? இது ஆரஞ்சுல்ல?"

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். மஞ்சளில் ஒளிக்கு ஒரே வழி. ஆரஞ்சு உள்ளே அகலமானது. நிறைய ஒளி போகும், ஆனால் நூறு வழியில் போகும். லேசாகத் தொட்டாலோ, அறை கொஞ்சம் சூடேறினாலோ மீட்டர் குழம்பிவிடும். உடனே மஞ்சளை மாட்டினோம். எண்கள் அடங்கி உட்கார்ந்தன.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அண்ணி ஒரே ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். நான் ஆரஞ்சு ஃபைபரைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்ததும் தலைவரின் முகம் மாறியது. தாளை இரண்டு தடவை படித்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி மஞ்சள் உடைஞ்சிடுச்சு. என் டிராயர்ல இருந்ததை நானே மாட்டினேன். ஒளி நல்லா வருதேன்னு சந்தோஷப்பட்டேன்." பிறகு எழுந்து நின்றார். "தப்பு என்னோடது. அன்னிக்கு அப்படிப் பேசினதும் தப்பு. உங்களுதுதாம்மா போகுது."

அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

"அப்ப கேவிட்டிப் பெட்டியை மூடிடலாமா சார்?" என்று மட்டும் கேட்டார் அண்ணி.

பன்னிரண்டு திருகுகள். ஒவ்வொன்றாக முடுக்கினார், கை துளி நடுங்கவில்லை. கடைசித் திருகு இறுகியதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அண்ணன் செயற்கைக்கோளை நம்பினான். நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுததை மட்டும் நம்பவே இல்லை.