ஆம்பிளிஃபயருக்கு வைத்த பொட்டு

எங்க வீட்டுக்காரருக்குப் பெற்ற பிள்ளையைத் தூக்கத் தெரியாது. ஒரு கருப்புப் பெட்டியை மடியில் வைத்துப் பொழுதன்னைக்கும் கொஞ்சத் தெரியும். அறுபதுகளில் கொடைக்கானல் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார். மேலே ஒரு ஆராய்ச்சி ஆபீசில் மெக்கானிக் வேலை காலியானது. அங்கிருந்த சார் அந்தக் கருப்புப் பெட்டியை, ஆம்பிளிஃபயராம், இவரிடம் கொடுத்து, உள்ளே விடுவது பத்து மடங்காக வெளியே வரும்படி வயர் சேர்த்து வைக்கச் சொன்னார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பார்ப்பாராம். சரியாக இருந்தால் வேலை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனாலென்ன, இவர் விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. அடுப்பை விட்டு ஓட முடியாதவள் நான்தான்.

பெட்டிக்கு ரெண்டு வாசல். ஒன்றில் கூட்டல் குறி, மற்றதில் கழித்தல் குறி. ரெண்டுக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் பெட்டி அதைப் பெருக்கிக் கத்தித் தீர்த்துவிடும். மாமியார் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் இவர் கத்துவாரே, அந்த மாதிரி. அடக்குவதற்கு, வெளியே வருவதை, கரண்டைத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கழித்தல் வாசலுக்கே திருப்பிவிட வேண்டும். ரெண்டு வாசலும் சமமாகிற அளவுக்கு அது தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். திருப்புகிற ரெசிஸ்டர், உள்ளே விடுகிற வழியில் இருக்கிற ரெசிஸ்டரைப் போலப் பத்துப் பங்கு இருந்தால், வெளியே வருவதும் பத்து மடங்கு. கூட்டல் வாசலுக்குத் திருப்பினாலோ, ஏறினது ஏறிப்போய், அளவு காட்டுகிற மீட்டரின் முள் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். இவருக்கும் அப்படி ஒரு வயர் இழுத்திருந்தால் எனக்குப் பாதி சோலி மிச்சம்.

பூஜையன்று அரிவாள்மணை, உலக்கை, ஸ்குரூ டிரைவர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். பெட்டியை மட்டும் தொடக்கூடாதாம். என் கை பட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வு வெடித்துவிடும் போலிருக்கிறது. அவரே சந்தனத்தைக் குழைத்து, வாசலுக்கு ஒன்றாக அப்பளம் போல ரெண்டு பொட்டு வைத்தார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து வயர் சேர்த்தார். முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகவே வந்து தொலைத்தது. மூடுபனியைத் திட்டினார், வால்வைத் திட்டினார், கடைசியில் என் அடுப்புப் புகையைத் திட்டினார். இந்த வேலை கைநழுவினால் மறுபடி கடைத்தெருதான் என்று முணுமுணுத்துக்கொண்டே மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

சார் வந்தார். கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். முள்ளைப் பார்த்தார். பிறகு காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். இவர் கழித்தல் என்று நினைத்து வயரைத் திருப்பிவிட்டிருந்த வாசலில் கூட்டல் குறி எட்டிப்பார்த்தது.

"பொட்டு யாரு வச்சது?"

இவர் மெதுவாக அடுப்படிப் பக்கம் பார்த்தார். நான் காபி டம்ளரைச் சார் முன்னால் வைத்தேன்.

"அவுகதாங்க வச்சாக. நான் வச்சிருந்தா நெத்தி பார்த்து வச்சிருப்பேன், கண்ணுல அப்பியிருக்க மாட்டேன்."

சார் சிரித்துவிட்டு வயரை மாற்றச் சொன்னார். மாற்றியதும் முள் ஒழுங்காகப் பத்தில் வந்து நின்றது. வேலையும் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்த ஆபீசில் எல்லாச் சோலியும் இவர் தலையில்தான் என்று பெருமையடிப்பார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதை மட்டும் கடைசிவரை அங்கே யாரும் இவரிடம் கொடுக்கவில்லை.